தட்டும், அவ்வளவுதான்

மாடியறைக்கு ஒரே ஜன்னல். அது துணி காயும் கொடிகளைப் பார்த்து இருந்தது. காலையில் விரிப்புகள் ஏறியதும் என் அறை வெள்ளையாகிவிடும். காற்றடித்தால் வெளிச்சம் வந்து வந்து போகும். அந்த அறையில் இருந்த வருடங்களில் நான் கடிகாரம் வாங்கவில்லை. விரிப்பு ஏறினால் நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்ப வேண்டும். அது இறங்கிய பிறகு வந்தால் சோறு ஆறியிருக்கும்.

கீழ்வீட்டில் மூன்று பேர். பெரியக்கா, சின்னக்கா, சின்னக்காவின் கணவர். அவருக்குப் பெரியக்கா அண்ணி. அண்ணன் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. பெண்கள் இருவருக்கும் சலவை வேலை. விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று மூட்டை மூட்டையாக வரும். கீழே மெஷின் துவைக்கும். சின்னக்கா தேய்ப்பாள். உலர்த்துவது பெரியக்கா.

சின்னக்காவின் கணவர் எலக்ட்ரீஷியன். தெருவில் அவருக்குப் பெயர் டெஸ்டர். மற்றவர்கள் பேனா குத்தும் இடத்தில் அவர் டெஸ்டர் குத்தியிருப்பார்.

"தூங்கும்போதும் கழட்ட மாட்டாரு," என்பாள் சின்னக்கா. "திரும்பிப் படுத்தா குத்துது. எனக்குள்ள கரண்ட் இருக்கான்னு பாக்குறாரோ என்னவோ."

பெரியக்கா விரிப்புப் போடுவதை நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். நனைந்த இரட்டைக் கட்டில் விரிப்பு ஒரு குழந்தையின் கனம் இருக்கும். அதை நாலாக மடித்து இடது தோளில் போட்டுக்கொள்வாள். வலது கை ஒரு முனையைப் பிடித்து இழுத்து, கம்பிக்கு மேல் ஒரே வீச்சு. விரிப்பு காற்றில் திறந்து, இரண்டு பக்கமும் சமமாக விழும். பிறகு இழுத்துச் சரி செய்ய வேண்டியதில்லை. அந்தச் சத்தம் பெரிய பறவை ஒன்று எழுந்து போவதுபோல இருக்கும்.

கிளிப்புகள் வாயில் இருக்கும். கிளிப் வாயில் இருந்தால் பேச்சு இல்லை. பேச விருப்பமில்லை என்றாலும் கிளிப்பை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள்.

நான் குடிவந்த முதல் மழைக்காலத்தில் ஒரு மாலை டெஸ்டர் நனைந்து வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து வலது கை விரல்களை உதறினார்.

"இன்னிக்கு நல்லாத் தட்டிடுச்சு," என்றார்.

"யாருண்ணே தட்டுனது?" என்று கேட்டேன். கூலித் தகராறு என்று நினைத்தேன்.

சின்னக்கா குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. "ஆளு இல்லம்மா. வேலையில தட்டுறது."

பெரியக்கா சிரிக்கவில்லை. எழுந்து மாடிக்குப் போனாள். அந்த மழையில் மாடியில் ஒரு துணியும் இல்லை.

அவள் போனபின் சின்னக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். "ஷாக்குங்கிற வார்த்தைய இந்த வீட்ல சொல்றதில்ல. மூத்தவரு போனது அதுலதான். மில்லுல மோட்டார் பாக்கப் போனாரு. அங்கருந்து ஒருத்தன் ஓடி வந்து வாசல்ல நின்னான். வேற எதுவுமே சொல்லல. அந்த ஒரு வார்த்தையத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னான். அன்னியோட சரி. இவருக்கு வேலையே அதுல. சொல்லாம எப்படி? அதான் தட்டிடுச்சும்பாரு. நாங்களும் அப்படியே பழகிட்டோம்."

நானும் பழகிக்கொண்டேன். கடையில் கண்ணாடி பொருத்தும் மெஷினில் கரண்ட் லேசாகச் சுண்டினால்கூட "தட்டிடுச்சு" என்பேன். முதலாளி யாரென்று தேடுவார்.

அடுத்த மழைக்காலம் முடிகிற சமயம். ஜன்னலில் நின்றிருந்தேன். பெரியக்கா விரிப்பை வீசினாள். அது கம்பியைத் தாண்டவில்லை. பாதியில் தொங்கி, மெதுவாக நழுவித் தரையில் விழுந்தது. அவள் கம்பியை அண்ணாந்து பார்த்தாள், யாரோ உயர்த்திக் கட்டிவிட்டதுபோல. விரிப்பை எடுத்துக்கொண்டு மறுபடி துவைக்கக் கீழே போனாள்.

அதன்பின் வீச்சு இல்லை. இடது கையால் முனையைக் கம்பிக்கு மேல் போட்டு, கிணற்றில் தண்ணீர் இழுப்பதுபோல மறுபக்கம் இழுத்தாள். ஒரு விரிப்புக்கு மூன்று விரிப்பின் நேரம் ஆனது. கிளிப் வாயை விட்டு இறங்கவே இல்லை.

ஒரு நாள் காலை கையில் சீப்போடு மேலே வந்தாள்.

"மேல்வீட்டம்மா, இந்தப் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் சீவி விடேன்."

"சின்னக்கா இல்லையா?"

"அவ கையில இஸ்திரிப் பொட்டி. என் தலையையும் சேத்துத் தேச்சுடுவா."

உட்கார வைத்துச் சீவினேன். நீளமான முடி. நரை நடுவில் மட்டும் ஒரு கோடாக இருந்தது.

"எவ்வளவு நாளாக்கா?"

"எது?"

"கை."

"கை பொறந்ததுலருந்து இருக்கு."

நான் சும்மா சீவினேன். ஒரு சிக்கு விட்டதும் அவளே சொன்னாள். "பின்னாடி கொண்டு போக முடியல. மேல தூக்குனா உள்ள யாரோ ஊசி வெச்சுத் தெக்கிற மாதிரி. படுத்தா எழுப்பி விட்டுடுது. உக்காந்துதான் தூங்குறேன், ராஜா மாதிரி."

"ராஜா உக்காந்தா தூங்குவாரு?"

"வேலை இல்லாதவரு எப்படி வேணா தூங்கலாம்."

அது தினசரி ஆயிற்று. நான் முன்னதாக எழ ஆரம்பித்தேன். இடது கையில் எனக்கு டீ கொண்டு வருவாள். பாதி வழியிலேயே தட்டில் சிந்தியிருக்கும். தட்டில் இருப்பதை அவள் குடிப்பாள். தம்ளரில் இருப்பது எனக்கு. ஈரத்துணி வாசனை, தைல வாசனை. பின்னி முடித்ததும் கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, "கண்ணாடிக் கடைக்காரி, கணக்கா பின்னிட்ட," என்பாள். இப்போது என் மகளுக்குத் தலை சீவும்போது கை தானாகவே மெதுவாகிறது. அவள் பள்ளிக்கு நேரமாகிறது என்று கத்துகிறாள்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. ஒரு விடுமுறை நாள் டெஸ்டர் ஏணி போட்டு எல்லாக் கம்பிகளையும் ஒரு முழம் இறக்கிக் கட்டினார். பெரியக்கா வாளியோடு மேலே வந்தாள்.

"யாரு இதை எறக்குனது?"

"நான்தான் அண்ணி."

"விரிப்பு தரையில பொரளுமே. கண்ணு தெரியலையா? மேல்வீட்டம்மா கடையில ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்க."

"ரெண்டா மடிச்சுப் போட்டா ஆச்சு."

"ரெண்டா மடிச்சா எப்பக் காயும்? அடுத்த வருஷமா? ஏத்துப்பா."

அவர் ஏற்றவில்லை. ஏணியின் மேல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "அண்ணி, ஒரு ஆளை வெச்சுக்கலாம். நீங்க கொஞ்ச நாள் சும்மா இருங்க. நான் உங்களுக்குச் சோறு போட மாட்டேனா?"

பெரியக்கா ஒரு கிளிப்பை எடுத்து வாயில் வைத்தாள். பிறகு அதை எடுத்தாள்.

"போடுவ தம்பி. அதான் பயமா இருக்கு."

அவர் இறங்கி வந்து நின்றார். பிறகு மறுபடி ஏறிக் கம்பியை உயர்த்திக் கட்டினார். அவள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் போன மறுமாதமே அவள் தோட்டை விற்று அந்த மெஷினை வாங்கியதாகச் சின்னக்கா சொல்லியிருந்தாள். கொழுந்தனுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அவனுக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். அந்த வீட்டில் அவள் சோறு அவள் கையிலிருந்து வந்தது. கை நின்றால் சோறு நிற்காது. ஆனால் அது வேறொருவர் சோறாகிவிடும்.

எலும்பு டாக்டரிடம் போனார்கள். எக்ஸ்ரே வந்தது. சின்னக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, உன் தோளுக்குள்ள ஒரு அரிசி கெடக்கு."

"குடு, நான் பாக்கிறேன்."

"இதோ, வெள்ளையா. எப்ப முழுங்குன?"

சுண்ணாம்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோளில் தசை எலும்போடு சேருமிடத்தில் சிலருக்கு அப்படித் தங்கிவிடுமாம். ஏன் என்று அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"துணிக்கெல்லாம் கஞ்சி போட்டு விறைப்பாக்குனேன்," என்றாள் பெரியக்கா. "எவளோ என் தோளுக்குப் போட்டுட்டா."

மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. ஊசி போட்டார்கள். சில வாரம் சுகமாக இருந்தது. ஒரு நாள் விரிப்பு கம்பியைத் தாண்டக்கூடச் செய்தது. பிறகு வலி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. ஆபரேஷன் இருக்கிறது, அதற்கு முன் ஒன்று முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். "கீழே பிசியோகிட்ட மிஷின் இருக்கு. அவங்க சொல்வாங்க."

ஆபரேஷன் என்றால் பல மாதம் கையைக் கட்டிப் போட்டிருக்க வேண்டும். பெரியக்கா அதைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். "மிஷினையே பாப்போம்."

மறுநாள் பெரியக்காவோடும் டெஸ்டரோடும் நானும் போனேன். ரவிக்கையை இறக்கச் சொன்னால் பக்கத்தில் ஒரு பெண் வேண்டும், சின்னக்கா வந்தால் சும்மா இருக்க மாட்டாள் என்று பெரியக்காவே கூப்பிட்டாள்.

சின்ன அறை. ரெக்சின் கட்டில், அதன்மேல் ஒரு வெள்ளை விரிப்பு. சுவரில் தோள் எலும்பின் படம். மேசைமேல் ஒரு பெட்டி. அதிலிருந்து தடித்த குழாய், குழாயின் நுனியில் துப்பாக்கிபோல ஒரு கைப்பிடி. பெரியக்கா உட்காரும் முன் விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாரு துவைக்கிறா? நீலம் அதிகம்."

பிசியோ சின்னப் பெண். சிரித்தாள். கையை எங்கெங்கோ திருப்பிப் பார்த்தாள். எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது, எங்கே பிடிக்கிறது என்று பொறுமையாகக் கேட்டாள். எக்ஸ்ரேயைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தட்டிக் காட்டினாள்.

"இதாம்மா. ஷாக்வேவ் தெரபின்னு பேரு."

விரிப்பைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னது?" என்றார் டெஸ்டர்.

"ஷாக்வேவ். அந்தச் சுண்ணாம்பு இருக்கிற இடத்துல..."

அவள் பெரியக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். நல்ல பெண். அந்தப் பெயரைக் கேட்டு மிரள்கிறவர்களை நிறையப் பார்த்திருப்பாள். குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, பயந்துட்டீங்களா? பேருதாம்மா அப்படி. ஒண்ணும் ஆகாது. லேசாத் தட்டும், அவ்வளவுதான்."

பெரியக்கா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"தட்டுமா?" என்றார் டெஸ்டர். குரல் கீழே போயிருந்தது.

"ஆமாங்க."

"எத்தனை தடவை?"

"ஒரு சிட்டிங்ல ரெண்டாயிரம் வரைக்கும் தட்டும். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும்."

டெஸ்டரின் கை சட்டைப் பைக்குப் போனது. பெரியக்கா கட்டிலிலிருந்து இறங்கினாள். செருப்பைத் தேடி மாட்டினாள். பிசியோவிடம், "வரேம்மா," என்றாள், விருந்துக்கு வந்து விடைபெறுபவள்போல. வெளியே போய்விட்டாள். அவரும் பின்னாலேயே போனார்.

"என்னக்கா ஆச்சு?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். வாசலில் நின்றபடி சொல்லக்கூடியதாக அது இல்லை.

வழியெல்லாம் டெஸ்டர் இரண்டு முறை வாய் திறந்தார். இரண்டு முறையும், "ரெண்டாயிரமா?" என்றார்.

வீடு வந்ததும் பெரியக்கா இடது கையால் விரிப்பு இழுக்கப் போய்விட்டாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த வார இறுதியில் கடை மூடியதும் கிளினிக்குக்குப் போனேன். வாசலில் டெஸ்டரின் சைக்கிள் நின்றது. உள்ளே டெஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்த டெஸ்டர் மட்டும் இப்போது காதில் செருகியிருந்தது.

"முதல்ல எனக்குப் போடுங்க. அப்புறம் எங்க அண்ணிக்கு."

"நல்லா இருக்கிற தோள்ல போட மாட்டேங்க."

"எனக்கும் வலிக்குது."

"எங்க?"

அவர் இரண்டு தோளையும் மாறி மாறித் தொட்டார். பிசியோ என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். நான் அவளிடம் அந்த வீட்டு வார்த்தையைச் சொன்னேன். தட்டுவது என்றால் அவர்களுக்கு என்ன என்று சொன்னேன். அவள் முகம் மாறியது. "அடடா," என்றாள். "அதையா நான் ரெண்டாயிரம்னு சொன்னேன்."

பிறகு மிஷினைத் திறந்து காட்டாத குறையாக விளக்கினாள். டெஸ்டர் முதலில் பிளக்கைச் சோதித்தார். எர்த் பார்த்தார். கைப்பிடியின் நுனியில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. எங்கும் ஒரு குறையும் இல்லை.

"சரியா இருக்கா சார்?"

"இருக்கு." கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னார்.

"உள்ள காத்துதாங்க. காத்து ஒரு சின்ன இரும்பைத் தள்ளும். அது வேகமா வந்து இந்த முனையில மோதும். அந்த அதிர்வுதான் தோலுக்குள்ள போகுது. உடம்புக்குள்ள கரண்ட் போகாது."

"அப்ப கரண்டு எதுக்கு?"

"காத்தை அடைக்க."

"அப்ப இது பம்பு."

"பம்புன்னே வெச்சுக்கோங்க."

உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். டக டக டக என்று மரங்கொத்தி கொத்துவதுபோல. அவர் கையை இழுக்கவில்லை. நின்ற பிறகும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டிப்பாக் கை மேல போயிடுமா?"

"கண்டிப்பான்னு சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு இருக்கிறவங்கள்ல நிறையப் பேருக்குக் கேக்குது. சிலருக்குக் கேக்கிறதில்ல. போடும்போது வலிக்கும். மறுநாள் இன்னும் அதிகமா வலிக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் வரணும். வீட்ல பயிற்சி செய்யணும். பலன் தெரிய ரெண்டு மூணு மாசம்கூட ஆகும். கேக்கலைன்னா ஆபரேஷன் எங்கேயும் போயிடாது."

அன்று நான் கீழ்வீட்டிலேயே சாப்பிட்டேன். நாலு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். பெரியக்கா இடது கையில் ஸ்பூனால் சாப்பிட்டாள்.

"அண்ணி, அது பம்பு," என்றார் டெஸ்டர்.

அவள் நிமிரவில்லை.

"காத்து அடிக்கிறது. சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரி. நானே கைல வெச்சுப் பாத்தேன்."

"உங்க அண்ணனும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு. பம்பு மோட்டார்தான், போன காலோட வந்துடுறேன்னு."

டெஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைய அதில் ஒன்றும் இல்லை.

"அப்பச் சரி," என்றாள் சின்னக்கா. "கையைக் கழட்டிக் கொடியில போட்டுடலாம். கிளிப் மாட்டி விட்டா காயும்."

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோள் வலிக்கும். தோளைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "உன்னைப் பொண்ணு பாக்கப் போனப்ப வாயே தொறக்கலடி நீ."

"தொறந்திருந்தா நீங்க எழுந்து ஓடியிருப்பீங்க."

"இப்ப ஓட முடியாது."

"ஏன், காலு நல்லாத்தானே இருக்கு? கைதானே போச்சு?"

"கை போனா நான் எங்கடி ஓடறது?" என்றாள் பெரியக்கா. சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தக் கை மேல போகலைன்னா நாளைக்கு நீ சோறு போடும்போது நான் நிமிந்து உன் முகத்தைப் பாக்க முடியாது. நீ ஒண்ணும் சொல்ல மாட்ட. அது எனக்குத் தெரியும். ஆனா என்னால பாக்க முடியாது."

சின்னக்கா குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

பெரியக்கா ஸ்பூனை வைத்தாள். "தம்பி, நான் வரேன். ஆனா அந்தச் சுவிட்சு உன் கையில இருக்கணும்."

"அந்தப் பொண்ணு விடணுமே."

"விடலைன்னா திரும்பி வந்துடலாம். அன்னிக்கு மில்லுல மெயின் சுவிட்சுகிட்ட ஒரு ஆள் இல்ல. அதான்."

பிசியோ விட்டாள். "புடிச்சுக்கோங்க. ஆனா சும்மாச் சும்மா அணைச்சு மிஷின் கெட்டுப்போனா நீங்கதான் ரிப்பேர் பண்ணணும்," என்றாள்.

டெஸ்டர் சுவரோரம் போய் நின்றார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணியின் தோள் திறந்திருந்தது. வலது கை விரல் சுவிட்சின் மேல். பெரியக்கா கட்டிலில் பக்கவாட்டில் படுத்தாள். அவளுடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் எதையோ குளிர்ச்சியாகத் தோளில் தடவினாள். விரலால் அழுத்தி அழுத்தி, வலிக்கும் இடத்தைத் தேடினாள். "இங்கயா? இங்கயா?" ஓரிடத்தில் பெரியக்கா பல்லைக் கடித்தாள்.

"ஆரம்பிக்கலாமா?"

டக டக டக டக. கட்டில் அதிர்ந்தது. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது. முதலில் முனகினாள். பிசியோ நுனியைச் சற்றே நகர்த்தினாள். பெரியக்கா கத்தினாள். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சின்னக்காகூடக் கேட்டிருக்கமாட்டாள்.

டக டக நின்றது. மிஷினின் விளக்கு அணைந்திருந்தது.

டெஸ்டர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"இன்னும் பாதிதாங்க ஆயிருக்கு," என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

பெரியக்கா மூச்சு வாங்கினாள். "ஏன் தம்பி அணைச்ச?"

"நீங்க கத்துனீங்க அண்ணி."

"வலிக்குது, கத்துனேன். பிள்ளை பெத்தவ கத்த மாட்டாளா? அணைச்சுட்டா பிள்ளை நின்னுடுமா?"

அவர் திரும்பவில்லை.

"தம்பி. ஷாக்கு அடிச்சவங்க கத்த மாட்டாங்க. உங்க அண்ணன் கத்தவே இல்லைன்னு அந்த மில்லுக்காரன் அப்புறமா ஒரு நாள் சொன்னான்." என் மணிக்கட்டை விட்டு மறுபடி பிடித்தாள். "நான் கத்துறேன். கேக்குதில்ல? அப்ப ஒண்ணுமில்ல. போடு."

அவர் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. ஆனால் அழுத்தவில்லை.

"போடுடா," என்றாள்.

அவரை அவள் 'டா' போட்டு அழைத்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். சுவிட்ச் விழுந்தது. மிச்சமிருந்த முழுவதும் அவள் கத்திக்கொண்டே இருந்தாள். நிறுத்தாமல், உரக்க, ஊர் கேட்கும்படி. வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

அடுத்த இரண்டு நாள் தோளைத் தொட விடவில்லை. "உள்ள ரயில் ஓடுன மாதிரி இருக்கு," என்றாள் தலை சீவும்போது. "பம்பாம் பம்பு. இவன் பம்புல தீய வைக்க." ஆனாலும் அடுத்த வாரம் கிளம்பினாள். அதற்கடுத்த வாரமும். டெஸ்டர் ஒவ்வொரு முறையும் சுவிட்சருகே நின்றார். மறுபடி அணைக்கவில்லை.

பனிக்காலம் போய் வெயில் வந்தது. பயிற்சிக்கு அவள் சுவரில் விரல்களை நடக்கவிடுவாள், சிலந்திபோல, இடுப்பிலிருந்து மேலே. ஈர விரல்களின் தடம் சுவரில் ஏறும்.

"அக்கா, சுவத்தை நாசம் பண்ற. இதைத் துவைக்க முடியாது."

"நீ தேய். தேய்ச்சா போயிடும்."

ஒரு விடியலில் சின்னக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்து என் கதவைத் தட்டினாள். பதறிப்போய்த் திறந்தேன். "கொறட்டை!" என்றாள். "அக்கா படுத்துக்கிட்டு கொறட்டை விடுது! வந்து கேளு!" நாங்கள் இருவரும் இருட்டுப் பிரியாத சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டோம்.

பிறகு ஒரு நாள் காலை பெரியக்கா சீப்போடு வரவில்லை. ஜன்னலில் பார்த்தேன். கொடிக்கு நடுவில் நின்றிருந்தாள். பின்னல் கோணலாக, ஒரு பக்கம் தளர்ந்து கிடந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. டீயை நானே போட்டுக் குடித்தேன். தம்ளர் நிறைய இருந்தது.

ஆனால் கை காதுக்கு மேல் போகவில்லை. அங்கே வந்ததும் நின்றுவிடும். விரிப்பை இன்னும் இழுத்துத்தான் போட்டாள்.

கடைசி முறை பிசியோ, "மிஷின் வேலை முடிஞ்சுது. இனிமே உங்க வேலை," என்றாள். "பயிற்சியை விடாதீங்க. இன்னும் போகும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

"உனக்கே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"சரி. பொய் சொல்லல நீ." பெரியக்கா கட்டில் விரிப்பை ஒருமுறை தடவினாள். "நீலத்தைக் குறைக்கச் சொல்லு."

மதியப் பேருந்து. பெரும்பாலும் காலி. நானும் டெஸ்டரும் உட்கார்ந்தோம். பெரியக்கா உட்காரவில்லை. இருக்கைகளைத் தாண்டி நடுவில் போய் நின்றாள். இடது கையால் ஒரு இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மேலே கம்பியைப் பார்த்தாள்.

"அண்ணி, உக்காருங்க. எடம் கெடக்கு."

"கெடக்கட்டும்."

வலது கை எழுந்தது. தோள்வரை, கன்னம்வரை, காதுவரை. நின்றது. பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கை கீழே வந்துவிட்டது. டெஸ்டர் பாதி எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

நடத்துனர் பின்னாலிருந்து வந்தார். "ஏம்மா, பஸ்ஸே காலியா இருக்கு. தொங்கிக்கிட்டு வரணும்னு வேண்டுதலா?"

"டிக்கெட் வாங்கியாச்சில்ல? உன் வேலையைப் பாரு."

மறுபடி கை எழுந்தது. காதில் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாய் அசைந்தது. யாரையோ திட்டுவதுபோல இருந்தது. விரல்கள் கம்பியைத் தொட்டன, நழுவின, மறுபடி தொட்டன. ஒவ்வொன்றாக மடங்கிப் பிடித்துக்கொண்டன.

இடது கையை இருக்கையிலிருந்து எடுத்துவிட்டாள்.

பேருந்து திரும்பும்போதெல்லாம் அவள் உடல் அந்தக் கையிலிருந்து ஆடியது. முகம் சுளித்தது. நெற்றி வியர்த்து வழிந்தது. விடவில்லை. வெளியே கடைகள், மரங்கள், பள்ளிக்கூடத்துச் சுவர் எல்லாம் போயின. அவள் அவற்றைப் பார்த்தபடி நின்றாள், ஊரை முதல்முறை பார்க்கிறவள்போல.

எங்கள் நிறுத்தம் வந்தது. பேருந்து நின்றது. பெரியக்கா நகரவில்லை. நடத்துனர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

டெஸ்டர் எழுந்து போய் இன்னும் மூன்று டிக்கெட் கேட்டார்.

"எதுவரைக்கும்?"

அவர் அண்ணியின் கையைப் பார்த்தார்.

"போற வரைக்கும்," என்றார்.